பூந்தமல்லிக்கு எண்பதடி

முப்பத்தாறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சுங்குவார்சத்திரத்துக்குப் பதின்மூன்றடிக் குழாய் போதும். எட்டே கிலோமீட்டரில் இருக்கும் பூந்தமல்லிக்கு எண்பதடிக் கம்பம் வேண்டும். இப்படிச் சொன்ன ஒரு தாள் எங்கள் அலுவலகத்தில் மேசை மேசையாகச் சுற்றி வந்தது. டிப்ளமா படித்தவர்கள், டிகிரி படித்தவர்கள் எல்லோரும் அதைப் பார்த்தோம். ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

உங்களுக்கு இப்போது சிரிப்பு வருகிறது. நல்லது, சிரித்துவிடுங்கள். தவறு என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டால் எந்தத் தவறும் வேடிக்கையாகத்தான் இருக்கும். தெரியாதபோது அது எவ்வளவு நியாயமாகத் தோன்றியது என்பதைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும். செல்போன் கோபுரங்களுக்கு இடம் பார்க்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். உங்கள் கணினி உங்களுக்காக எல்லாக் கணக்கையும் போட்டுக்கொடுக்கும். எங்களுக்கும் அப்போது ஒரு தாள் போட்டுக்கொடுத்தது.

எண்பதுகளின் நடுப்பகுதி. நான் வேலை செய்தது மண்ணூர்பேட்டையில் ஒரு சின்ன கம்பெனி. வயர்லெஸ் செட் செய்வோம், கம்பம் நடுவோம், இரண்டு முனையிலும் பேசவைத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வருவோம். நான் ஆவடி குவார்ட்டர்ஸ் பெண். எங்கள் வரிசையில் பாதிப் பேர் தென்மாவட்டங்களிலிருந்து தொழிற்சாலை வேலைக்கு வந்தவர்கள். எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்ததும் இந்த வேலை கிடைத்தது. காலையில் ஆவடியில் ரயில் ஏறி அம்பத்தூரில் இறங்கி, அங்கிருந்து பஸ். சைட்டுக்குப் போகும் ஒரே பெண் நான்தான். போகிற இடமெல்லாம், என்ஜினீயர் எப்போது வருவார் என்று என்னிடமே கேட்பார்கள்.

அந்த வருஷம் ஒரு லாரி கம்பெனி எங்களைத் தேடி வந்தது. தலைமை அலுவலகம் அம்பத்தூர் எஸ்டேட்டுக்குள். புக்கிங் ஆபீஸ்கள் பூந்தமல்லியிலும் அதற்கப்பால் நெடுஞ்சாலை போகும் வழியிலும். டெலிபோனில் பூந்தமல்லியைப் பிடிப்பதற்குள் லாரியே போய்ச் சேர்ந்துவிடும் என்ற காலம். அதனால் எல்லா இடத்துக்கும் வயர்லெஸ் வேண்டும் என்றார்கள். தலைமை அலுவலகத்தின் மாடியில் ஏற்கெனவே உயரமான ஒரு டவர் நின்றிருந்தது. கட்டடத்தையும் சேர்த்தால் தரையிலிருந்து நாற்பத்தொன்பது மீட்டர்.

இனி கொஞ்சம் கணக்கு. பயப்பட வேண்டாம், எல்லாம் பள்ளிக்கூடத்துக் கணக்குதான். பூமி உருண்டை. அதனால் எவ்வளவு உயரத்தில் நின்றாலும் ஒரு தூரத்துக்கு மேல் பூமியின் முதுகு மறைத்துவிடும். எவ்வளவு தூரம் தெரியும் என்பது உயரத்தைப் பொறுத்தது. ஆனால் நேராக அல்ல, உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. உயரத்தை நாலு மடங்காக்கினால்தான் தூரம் இரண்டு மடங்காகும். எங்கள் வயர்லெஸ் அலைகளுக்கு, மீட்டரில் உயரத்தின் வர்க்கமூலத்தை எடுத்து நாலால் பெருக்கினால் ஏறக்குறையக் கிலோமீட்டரில் தூரம் வந்துவிடும். இரண்டு பக்கமும் கம்பம் இருந்தால் இரண்டு தூரத்தையும் கூட்டிக்கொள்ளலாம்.

எங்கள் வடிவமைப்புப் பொறியாளரை எல்லோரும் சார் என்றே கூப்பிடுவோம். பெயர் வேண்டாம். கெட்டிக்காரர். மலைப்பகுதிகளில் நூறு கிலோமீட்டர் தூரத்துக்கெல்லாம் பேசவைத்தவர். அவர்தான் இதைத் தலைகீழாகத் திருப்பி, யார் வேண்டுமானாலும் போடக்கூடிய மாதிரி ஒரு வழி எழுதிவைத்திருந்தார். தூரத்தை நாலால் வகு. நம் பக்கத்து உயரத்தின் வர்க்கமூலத்தைக் கழி. மிச்சத்தை அதனாலேயே பெருக்கு. வருவதுதான் எதிர்ப்பக்கக் கம்பத்தின் உயரம். கால்குலேட்டரில் தட்டத் தெரிந்த யாரும் போட்டுவிடலாம். போட்டார்கள். பூந்தமல்லிக்கு இருபத்தைந்து மீட்டர், அதாவது எண்பதடிச் சொச்சம்.

ஏன் யாரும் கேட்கவில்லை என்றால், எங்கள் எல்லோரிடமும் ஒரு காரணம் தயாராக இருந்தது. பூந்தமல்லியில் கட்டடம் ஜாஸ்தி. சுங்குவார்சத்திரம் வெட்டவெளி. அதனால் இங்கே உயரம் வேண்டும், அங்கே வேண்டாம். யார் முதலில் சொன்னது என்று தெரியாது. நானும் நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன். கணக்கு ஒரு எண்ணைக் கொடுத்துவிட்டால் அதற்கொரு காரணத்தை மனசு தானே தேடிக் கொடுத்துவிடும். அவ்வளவு வேகமாக வேறு எந்த வேலையும் அது செய்யாது.

ஸ்டே கம்பிகளுக்கு இடம் குறிக்க என்னைப் பூந்தமல்லிக்கு அனுப்பினார்கள். எண்பதடிக் கம்பம் தானாக நிற்காது. மூன்று திசையிலும் கம்பி இழுத்துத் தரையில் கட்ட வேண்டும். கம்பி எவ்வளவு தள்ளி இறங்குகிறதோ அவ்வளவு பலம். புக்கிங் ஆபீசுக்குப் பின்னால் லாரி நிறுத்தும் காலி இடம். டேப் பிடித்துச் சுண்ணாம்பால் குறித்துக்கொண்டே போனேன். முதல் இரண்டு புள்ளியும் மதிலோரம் ஒழுங்காக விழுந்தன. மூன்றாவது புள்ளி, மூலையில் இருந்த ஒரு வீட்டின் புது அறைக்கு நடுவில் விழுந்தது.

அந்த வீட்டில் இருந்தவர்கள் ஏகாம்பரமும் அவர் மனைவி கன்னியம்மாவும். திருவேற்காட்டுப் பக்கம் வயல் வேலை செய்துகொண்டிருந்தவர்கள். வயலெல்லாம் மனையானபின், ஏகாம்பரம் இங்கே சரக்கு ஏற்றி இறக்க வந்து, வாட்ச்மேனாகவும் ஆகி, கம்பெனி இடத்திலேயே வீடு போட்டுக்கொண்டார். அந்தப் புது அறையைக் கட்டி ஒரு மாதம்கூட ஆகவில்லை. தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த மகள் வசந்தா அதற்குள் பாய் விரித்துப் படுத்திருந்தாள். நான் டேப்போடு உள்ளே எட்டிப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்து புடவையைச் சரிசெய்துகொண்டாள்.

லாரி கம்பெனி மேனேஜர் முந்தின நாளே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். கம்பி வரும், அறையை எடுத்துவிடு என்று. சண்டை வரும் என்று நினைத்துத்தான் நான் நின்றேன். கன்னியம்மா சண்டை போடவில்லை. அதுதான் சங்கடமாகிவிட்டது.

“கம்பம் நட்டுக்கோ, வேணான்னு சொல்லல,” என்றார். “பொண்ணு மாசமா கீது. இந்த மாசக் கடைசில பொறந்துடும். அது வரிக்கும் வுடச் சொல்லும்மா. நீ சொன்னா கேப்பாங்கோ.”

நான் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். கம்பம் நடும் ஆட்கள் மறுநாள் காலை வருகிறார்கள். ஆனாலும் சரிக்கா, பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டேன். ஏன் இவ்வளவு உயரம் என்று அவர் கேட்டதற்கு, கட்டடம் ஜாஸ்தி என்ற பதிலையும் சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டார். அந்தப் பதில் எல்லோருக்குமே போதுமானதாக இருந்தது.

பூந்தமல்லி பஸ் நிலையத்தில் அம்பத்தூர் வண்டிக்காகக் காத்திருந்தபோது யோசித்தேன். கம்பம் கொஞ்சம் குட்டையானால் கம்பிகள் கொஞ்சம் உள்ளே வரும். இருபது மீட்டர் ஆக்கினால் அறை தப்புமா? பஸ் டிக்கெட்டின் பின்புறம் போதவில்லை. கைப்பையில் இருந்த ஒரு பழைய கவரைக் கிழித்து, சார் எழுதிய வழியைத் திரும்பிப் பார்க்காமல், நேராகவே போட்டேன். இருபது மீட்டர் கம்பத்தால் எவ்வளவு தூரம் பேசலாம்? நாற்பது கிலோமீட்டருக்கு மேல் வந்தது. பத்து மீட்டருக்குப் போட்டேன், அப்போதும் நாற்பது. சந்தேகம் வந்து, அந்த எண்பதடியையே எடுத்துப் போட்டுப் பார்த்தேன். இருபத்தைந்தின் வர்க்கமூலம் ஐந்து. தலைமை அலுவலகத்து நாற்பத்தொன்பதுக்கு ஏழு. கூட்டினால் பன்னிரண்டு. நாலால் பெருக்கினால் நாற்பத்தெட்டு கிலோமீட்டர்.

எட்டு கிலோமீட்டருக்குக் கம்பம் கேட்டால், வாலாஜாபாத் வரைக்கும் பேசுகிற கம்பத்தைக் கொடுத்திருக்கிறது தாள்.

அப்போதுதான் சாரின் வழியைப் படி படியாகப் போட்டேன். எட்டை நாலால் வகுத்தால் இரண்டு. அதில் ஏழைக் கழித்தால் மைனஸ் ஐந்து. மைனஸ் ஐந்தை மைனஸ் ஐந்தால் பெருக்கினால், எட்டாம் வகுப்பில் எல்லோரும் மனப்பாடம் செய்த மாதிரி, பிளஸ் இருபத்தைந்து. கால்குலேட்டரின் சின்னக் கண்ணாடியில் ஒரு விநாடி மைனஸ் தெரிந்திருக்கும். அடுத்த பொத்தானில் காணாமல் போயிருக்கும். அந்த மைனஸ்தான் உண்மையான விடை. ‘நீ நிற்பது ஏற்கெனவே என் பார்வைக்குள்தான், கம்பமே வேண்டாம்’ என்று கணக்கு சொல்லியிருக்கிறது. நாங்கள் அதை வர்க்கமாக்கி எண்பதடி இரும்பாக மாற்றிவிட்டோம். கிட்டத்தில் இருக்கும் ஊருக்கு ஏன் பெரிய கம்பம் என்பதும் புரிந்தது. இன்னும் கிட்டே போனால் இன்னும் உயரமாகக் கேட்டிருக்கும். அந்த டவரின் வாசலுக்கே போட்டிருந்தால் நூற்றைம்பதடிக்கு மேல் கேட்டிருக்கும்.

சார் கிளம்பும் நேரத்தில் போய்ப் பிடித்தேன். கவரை அவர் மேசையில் வைத்தேன்.

“அங்க கட்டடம் ஜாஸ்திம்மா. அதனாலதான்,” என்றார், பார்க்காமலே.

“இந்தக் கணக்குல கட்டடம் எங்க சார் வருது?”

கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கவரை எடுத்துப் பார்த்தார். நான் சொன்னது புரிய அவருக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை. முகம் வாடியது. மலையும் தூரமுமாகவே பழகியவர். அவர் போட்ட கணக்கில் மைனஸ் வந்ததே இல்லை. இந்த வழியைத் தெருமுனைத் தூரத்துக்கும் போடுவார்கள் என்று அவர் நினைக்கவில்லை.

ஆனால் அவர் சொன்னது வேறு. அதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், உங்களுக்கும் யாராவது சொல்வார்கள். “உயரம் கூடினா கெட்டுப்போறது ஒண்ணுமில்லம்மா. பார்ட்டி ஒத்துகிட்டாச்சு. நிக்கட்டும்.”

அது பொய்யே இல்லை என்பதுதான் அதில் பெரிய ஆபத்து. உயரமான கம்பம் நன்றாகத்தான் பேசும். அந்தக் கம்பி இறங்கும் இடத்தில் ஒரு அறை இருக்கிறது, அதில் பிரசவத்துக்கு வந்த பெண் இருக்கிறாள் என்று சொன்னேன். அது பார்ட்டியின் இடம், நம் விஷயம் இல்லை என்றார். கம்பம் நம்முடையதுதானே சார் என்றேன். எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது என்று இன்றைக்கும் தெரியாது. சத்தம் கேட்டு முதலாளி அறையிலிருந்து வந்தார். இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு, காலையில் செட்டை எடுத்துப் போய் அங்கே தரையில் நின்று பேசிப் பார்க்கட்டும், கேட்டால் கம்பம் வேண்டாம், கேட்காவிட்டால் மத்தியானம் கம்பம் ஏறும் என்று தீர்ப்பு சொல்லிவிட்டார். அம்பத்தூர்ப் பக்கம் தானே உட்கார்ந்து பேசுவதாக சார் சொன்னார்.

காலையில் நான் போனபோது லாரியில் இரும்பு வந்திறங்கத் தயாராக நின்றது. மேனேஜர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். செட்டைத் தூக்கிக்கொண்டு, கம்பம் நிற்க வேண்டிய இடத்துக்கே போய் நின்று, சுவிட்சைப் போட்டேன்.

உஸ் என்ற இரைச்சல் மட்டும்தான். குமிழைத் திருப்பினேன், பேட்டரியைக் கழற்றி மாட்டினேன். இரைச்சல். கணக்குப்படி அம்பத்தூர் டவர் என் தலைக்கு நேராகப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஒரு வார்த்தைகூட வரவில்லை.

“மேடம், இன்னா சொல்றீங்கோ, எறக்கிடலாமா?” என்று கேட்டார் கம்பம் நடும் மேஸ்திரி. நான் பதில் சொல்வதற்குள் ஏகாம்பரம் பதிலை முடிவு செய்துவிட்டார். அறைக்குள் போய்ப் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்தார். கன்னியம்மா அடுக்குப் பானைகளை ஒவ்வொன்றாக வெளியே வைத்தார். வசந்தா இடுப்பில் கைவைத்துக்கொண்டு லாரி நிழலில் போய் நின்றாள்.

இந்த வேலையில் உங்களுக்கு இப்படி ஒரு சமயம் கண்டிப்பாக வரும். எல்லோரும் உங்களையே பார்ப்பார்கள். நீங்கள் சரி என்று நம்பிய ஒன்று கண்ணெதிரே தவறாக நிற்கும். சரி, இறக்குங்கள் என்று சொல்லிவிட்டால் யாரும் உங்களைக் குற்றம் சொல்ல மாட்டார்கள். எனக்கு அந்த வார்த்தை வாய்வரை வந்தது. ஆனால் ஒன்று மட்டும் உறுத்தியது. பூமி மறைக்கவில்லை. அது நிச்சயம். அப்படியானால் மறைப்பது வேறு ஏதோ ஒன்று. பூமியைப் போல ஒளிந்து நிற்க அதற்குத் தெரியாது. என் கண்ணுக்குத் தெரியும் இடத்தில்தான் நிற்க வேண்டும்.

நிமிர்ந்து பார்த்தேன். மதிலுக்கு அந்தப் பக்கம், அம்பத்தூர்த் திசையை அடைத்துக்கொண்டு, தகரம் போட்ட பெரிய நெல் மில். முந்தின நாள் முழுக்க அதன் நிழலில் நின்றுதான் சுண்ணாம்பு போட்டிருக்கிறேன்.

கட்டடம் ஜாஸ்தி என்று எல்லோரும் சொன்னோம் அல்லவா. எந்தக் கட்டடம் என்று ஒருவரும் பார்க்கவில்லை.

கொஞ்சம் இருங்கள் என்று சொல்லிவிட்டு செட்டோடு நடக்க ஆரம்பித்தேன். மேனேஜர் பின்னால் கூப்பிட்டது காதில் விழுந்தது. மில்லின் ஓரத்துக்கு வந்ததும் இரைச்சலுக்குள் துண்டு துண்டாக ஒரு குரல். ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போனதும் பக்கத்தில் நின்று பேசுவது போல சார். அப்படியே திரும்பி வந்து, புக்கிங் ஆபீசின் மொட்டைமாடிக்கு ஏறினேன். குரல் வந்தது, ஆனால் அறுந்து அறுந்து. மில்லின் கூரை இன்னும் கொஞ்சம் மறைத்தது. இன்னும் ஓர் ஆள் உயரமோ இரண்டு ஆள் உயரமோ போதும்.

கீழே பார்த்துக் கத்தினேன். “அக்கா, நீளமா கம்பு ஏதாவது இருக்கா?”

கன்னியம்மா வேப்பிலை பறிக்கும் தொரட்டியைக் கொண்டுவந்து மேலே நீட்டினார். செட்டின் ஏரியலைக் கழற்றி, நீள வயரில் கோத்து, தொரட்டி முனையில் கட்டினேன். தூக்கிப் பிடித்தால் என்னால் தாங்க முடியவில்லை, காற்றில் ஆடியது. கன்னியம்மா தானே மாடியேறி வந்து, மூங்கிலின் அடியைத் தன் காலுக்கிடையில் வைத்துப் பிடித்துக்கொண்டார். செட்டின் ஒலியைக் கூட்டினேன்.

சார் காலையிலிருந்து விடாமல் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். என்னிடமிருந்து பதில் வரவில்லையென்றாலும் நிறுத்தவில்லை. ஒன்று இரண்டு மூன்று எண்ணி அலுத்து, கையிலிருந்த செய்தித்தாளை வாசிக்க ஆரம்பித்திருக்கிறார். அதில் அவர் அப்போது வந்திருந்த பக்கம் மணமகள் தேவை. மலைகளையெல்லாம் பேசவைத்த அந்தக் கம்பீரமான குரல், பூந்தமல்லி லாரி ஷெட் முழுக்கக் கேட்கும்படி, “மணமகன் சொந்த வீடு உள்ளவர், கெட்ட பழக்கம் இல்லாதவர், வீட்டு வேலை தெரிந்த, சிவந்த பெண் தேவை” என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னது. மேஸ்திரி வாயைப் பொத்திக்கொண்டார். வசந்தா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கன்னியம்மா, ஆடாதே என்று அவளை மேலிருந்து அதட்டினார்.

அவர் மூச்சு வாங்கும் இடைவெளியில் பொத்தானை அழுத்தி, சார், நல்லா கேக்குது என்றேன். அந்தப் பக்கம் செய்தித்தாளை மடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு, எவ்வளவு நேரமா கேக்குது என்று கேட்டார். இப்போதான் சார் என்று சொன்னேன். இந்தக் கதையில் நான் சொன்ன ஒரே பொய் அது.

மொட்டைமாடியில் இருபதடிக் குழாய் ஒன்றை நட்டோம். அறை தப்பியது. எங்கள் முதலாளி, நவீன முறையில் ஆராய்ந்து கம்பத்தையே மிச்சப்படுத்திக் கொடுத்ததாக மேனேஜரிடம் சொன்னார். அவரும் பாராட்டினார். எண்பதடி இரும்பு வேறொரு ஊருக்குப் போய், அங்கே அதற்கு வேலை இருந்ததால் ஒழுங்காக நின்றது.

சார் என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மன்னிப்பும் இல்லை, பாராட்டும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு எந்த சைட் கணக்கு முடித்தாலும் தாளை என் மேசைக்குத் தள்ளிவிட்டு, “போட்டுப் பாரு” என்பார். வந்த விடையைத் திரும்பக் கேள்விக்குள் போட்டுப் பார் என்று அர்த்தம். நான் சரி பார்த்துக் கொடுத்ததும், இப்போ வெளியில போய்ப் பாரு என்பார். இரண்டையும் அவர் அதே வரிசையில்தான் சொல்வார். நான் உங்களுக்குக் கொடுக்கக்கூடிய தொழில் ரகசியம் ஏதாவது இருந்தால், அது அந்த இரண்டு வாக்கியம்தான். நான் மைனஸைக் கண்டுபிடித்த பெருமையில் முதல் வாக்கியத்தோடு நின்றுவிட்டேன். மில்லைக் கண்டது இரண்டாவதால்.

சில மாதங்கள் கழித்து அந்த செட்டைப் பழுது பார்க்கப் பூந்தமல்லி போனேன். வசந்தா ஆண் குழந்தையோடு புருஷன் வீட்டுக்குப் போயிருந்தாள். கன்னியம்மா என்னை அந்த அறையிலேயே உட்காரவைத்து, அன்று கோயிலுக்குப் படைத்த பொங்கலைக் கொண்டுவந்து வைத்தார். அந்த அறை எப்படித் தப்பியது என்று அவராகவே எனக்கு விளக்கினார். முந்தின நாள் சாயந்திரம் நான் போனதும், நடந்தே திருவேற்காட்டுக்குப் போய் அம்மனிடம் முறையிட்டிருக்கிறார். காலையில் இரும்பு வந்த வழியே திரும்பிப் போய்விட்டது.

அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது அக்கா என்று ஆரம்பித்தேன். மைனஸை எப்படிச் சொல்வது என்று யோசிப்பதற்குள் அவர் இன்னொரு கரண்டி பொங்கல் வைத்தார்.

“நீயும் வெய்யில்ல கம்பு புடிச்சிகினு நின்னல்ல,” என்றார். “அத்தயும் ஆத்தாகிட்ட சொல்லிகீறேன்.”